பெண்ணும் பணியும் – 9: நாலு மணிக்குப் பிறகு

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். சென்ற வாரம் அதைப் பார்த்தோம். ஆனால் ஆறு வயதோடு அந்தக் காப்பகத்தின் கணக்கு முடிந்துவிடுகிறது. பிறகு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. பள்ளியோ நாலு மணிவாக்கில் விட்டுவிடுகிறது. ஆலையும் அலுவலகமும் ஆறுக்கு முன் விடுவதில்லை. பஸ் பிடித்து வீடு சேர ஏழாகிவிடும். அந்த மூன்று மணி நேரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. அதோடு நில்லாமல், வீட்டில் ஓர் ஆள் சும்மா இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே பள்ளி வேலை கொடுக்கிறது: டைரியில் கையெழுத்து, செய்முறைக்குத் தெர்மாகோல், இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் 'நாளைக்கு சார்ட் கொண்டுவரவும்'.

அந்த ஆள் யார் என்பதில் அரசாங்கத்துக்கே சந்தேகம் இருந்ததில்லை. 2008இல் மத்திய அரசு தன் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 730 நாள் தந்தபோது, பிள்ளையின் தேர்வையும் நோயையும் காரணங்களாகச் சொன்னது. விடுப்பு பெண்களுக்கு மட்டும். பின்னாளில் துணையில்லாத தந்தைக்கும் கிடைத்தது. மனைவி உள்ள தகப்பனுக்குப் பிள்ளையின் தேர்வு இன்னும் ஒரு காரணமாகவில்லை. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. சம்பள வேலையும் பார்ப்பவரிடம் 'சமாளிக்கக் கற்றுக்கொள்' என்பது, இருபத்தைந்தாவது மணியைக் கண்டுபிடிக்கச் சொல்வதுதான்.

நாற்று நடப் போன அம்மாக்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்கவில்லையா என்று கேட்பார்கள். வைத்தார்கள். அன்று பள்ளி வீட்டிடம் இவ்வளவு கேட்கவில்லை. பாடம் பெரும்பாலும் வகுப்பிலேயே முடிந்தது. எத்தனையோ வீடுகளில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள மூத்த மகள் பள்ளியை விட்டு நின்றாள். அவள் இழந்த படிப்பை இந்தக் கேள்வி கணக்கில் சேர்ப்பதில்லை. தாய் அருகிலிருந்து சொல்லிக்கொடுப்பது நல்லதுதானே என்பது அடுத்த வாதம். நல்லதுதான், நேரமும் அந்தப் பாடத்தில் பழக்கமும் இருந்தால். ஆனால் பல வீடுகளில் பள்ளிக் கட்டணமும் டியூஷனும் அவள் சம்பளத்தில் நடக்கின்றன. வேலையை விட்டு உட்கார்ந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். படிக்கப் பள்ளி இருக்காது.

பொழுதை வேறு மாதிரிப் பங்கிட முடியும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் தமிழகத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், பல தாய்மார்களின் காலை நெருக்கடியில் ஓர் அடுப்பைக் குறைத்தது. கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட 2021இல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி', மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் தெருவிலேயே பாடம் நடத்தியது. நாம் மேலே பார்த்த காலி நேரமும் ஏறக்குறைய அதுவே. வேறொன்றுக்காக வந்த திட்டம் இந்த இடைவெளியையும் அடைத்தது என்பது தற்செயல்தான். ஆனால் அந்தக் காலை உணவுக்கு உப்புமா கிண்டுவது சுய உதவிக் குழுப் பெண். மாலையில் பாடம் சொன்ன தன்னார்வலருக்கு மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய். வேலை தாயின் தோளிலிருந்து இறங்கியது உண்மை. அதை ஏற்றுக்கொண்ட தோளுக்கு என்ன கூலி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.