இராஜபாளையம் நாய்க்கு எந்த வயதில் என்ன தீனி?

சேதராப்பட்டு போன்ற ஊர்களில் களத்துக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் காவலாக இராஜபாளையம் குட்டியை விலை கொடுத்து வாங்குகிறோம். பிறகு வெறும் சோறும் கஞ்சியும் ஊற்றி வளர்க்கிறோம். ஆறு மாதத்தில் கால் வளைந்துவிட்டால் 'ஜாதி சரியில்லை' என்கிறோம். பெரும்பாலும் குறை ஜாதியில் இல்லை, தீனியில்தான்.

குட்டிப் பருவம்

பிறந்த 3 அல்லது 4 வாரம் வரை தாய்ப்பாலே போதும். அதன்பின் குழைந்த சோற்றுடன் வேகவைத்த முட்டை, மசித்த கறி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும். 8 வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வளரும் குட்டிக்கு, உடல் எடைக்குத் தக்கபடி பார்த்தால், பெரிய நாயைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு சத்து தேவை. 3 மாதம் வரை நாளுக்கு 4 வேளையும், 6 மாதம் வரை 3 வேளையும், அதன்பின் 2 வேளையும் கொடுக்கவேண்டும்.

வெறும் சோற்றிலும் எலும்பில்லாத கறியிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நெத்திலியை முள்ளோடு நன்றாக வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். உப்புக் கருவாடு ஆகாது. சுண்ணாம்புச் சத்து மருந்தை நாமாகவே வாங்கி ஊற்றுவதும் தவறு. அளவு மிஞ்சினாலும் பெரிய ஜாதிக் குட்டிகளின் எலும்பு கெடும். குட்டியைக் கொழுக்க வைப்பதும் மூட்டுகளுக்குக் கேடு.

வளர்ந்த நாய்

25 கிலோ எடையுள்ள, ஓடியாடும் நாய்க்கு நாளொன்றுக்கு அரிசி அல்லது கேழ்வரகு 200 கிராம், கறி அல்லது மீன் 300 கிராம், முட்டை 1, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் காரட் அல்லது பூசணி ஆகியவற்றை வேகவைத்து இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். தாது உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும். துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. நெஞ்சு ஆழமான ஜாதி என்பதால் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தின்றவுடன் ஓடவிடக் கூடாது.

சினை, முதுமை

சினைக்காலம் சுமார் 63 நாட்கள். கடைசி மூன்று வாரங்களில் தீனியைப் படிப்படியாகக் கூட்டவேண்டும். பால் கொடுக்கும்போது வழக்கத்தைப்போல் இரு மடங்குக்கு மேலும் தேவைப்படலாம். 7, 8 வயதுக்குமேல் ஓட்டம் குறைந்தால் சோற்றையும் எண்ணெயையும் குறைக்கவேண்டும், கறியைக் குறைக்கவேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

வெந்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. ஆட்டு ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போட்டால் நாடாப்புழு பற்றி, நம் ஆடுகளுக்கும் மனிதருக்கும் பரவும், வேகவைத்தே போடவேண்டும்.

எவ்வளவு தீனி போட்டாலும் வயிற்றில் புழு இருந்தால் பலனில்லை. குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே குடற்புழு நீக்கம் தொடங்கலாம். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம். அருகில் குரும்பாப்பட்டிலேயே ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கால் வளைந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, குட்டி வாங்கிய வாரத்திலேயே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.