பிரிட்டன் செல்லும் பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கு: பெற்றோர் அறிய வேண்டியவை

அல்ஹம்துலில்லாஹ், செப்டம்பர் சேர்க்கைக்காக இந்த ஆண்டும் நமதூர்ப் பிள்ளைகள் சிலர் பிரிட்டன் செல்லத் தயாராகி வருகிறார்கள். விசா, டிக்கெட், தங்குமிடம் என்று அலைகிற பெற்றோர், வங்கிக் கணக்கைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. "போய் இறங்கியதும் அவனே திறந்துகொள்வான்" என்று விட்டுவிடுகிறார்கள். இறங்கியதும் திறக்க முடிவதில்லை. சிலருக்கு ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். கல்லூரி திறக்கும் நேரத்துக் கூட்டத்தில் மாட்டினால் பல வாரங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்கள்தான் பிறகு பெரிய வினையாகின்றன.

வங்கி மூன்று விஷயங்களைப் பார்க்கும்: நீங்கள் யார், அந்நாட்டில் எங்கே தங்கியிருக்கிறீர்கள், எதற்காக வந்திருக்கிறீர்கள். முதலாவதற்கு பாஸ்போர்ட். விசாவுக்கு முன்பு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். 2024 முடிவோடு அது போய்விட்டது. இப்போது எல்லாம் இ-விசா. வங்கி கேட்டால், அரசின் இணையக் கணக்கில் நுழைந்து 'ஷேர் கோடு' எடுத்துக் கொடுக்க வேண்டும். அது 90 நாட்கள் செல்லும். வேலைக்கு ஒரு வகை, வீட்டு வாடகைக்கு ஒரு வகை, மற்றவற்றுக்கு ஒரு வகை என்று தனித்தனியாக வரும். வங்கிக்கு மூன்றாவது வகை.

முகவரிக்கும் படிப்புக்கும் பல்கலைக்கழகம் தரும் 'பேங்க் லெட்டர்' போதும். சேர்க்கைப் பதிவு முடிந்த பிறகே அதைத் தருவார்கள். சில பல்கலைக்கழகங்கள் கடிதத்திலேயே வங்கியின் பெயரைப் போட்டுவிடும் என்பதால், எந்த வங்கி என்று முடிவு செய்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது பெயரில்தான். 'முஹம்மது' என்பதையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் வேறொன்று. அத்தா பெயரை இனிஷியலாக மட்டும் வைத்திருப்போம்; பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பல்கலைக்கழகக் கணினி அந்தக் காலியிடத்தை ஏற்காமல், ஒரு புள்ளியையோ அதே பெயரை மறுபடியுமோ போட்டுவிடும். பிறகு கடிதத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றல்ல என்று வங்கி திருப்பி அனுப்பும். ஆகவே பதிவு செய்யும் நாளிலேயே, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் கடிதம் வேண்டும் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நம் பெயர்கள் பலருக்கும் பொதுவானவை. தடைப்பட்டியலில் உள்ள யாரோ ஒருவரின் பெயரோடு ஒத்துப்போனால் வங்கி கூடுதல் விவரம் கேட்கலாம். அதற்காகப் பதற்றப்படவோ கோபப்படவோ வேண்டாம். பிறந்த தேதியும் ஆவணங்களும் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பார்க்லேஸ், எச்.எஸ்.பி.சி., லாய்ட்ஸ், நாட்வெஸ்ட் போன்றவை கிளைகள் உள்ள வங்கிகள். மான்சோ, ஸ்டார்லிங் போன்றவற்றில் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம். சீக்கிரம் முடியும், ஆனால் சில நேரம் காரணம் சொல்லாமலே மறுத்துவிடுவார்கள். ஓர் இடத்தில் மறுத்தால் பெரிய வங்கிகளில் 'பேசிக் அக்கவுண்ட்' கேட்கலாம். ஒரு மாணவனுக்கு அதுவே போதும். மாதக் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டியைப் பற்றி நம் பெற்றோர் கேட்பதுண்டு. அன்றாடச் செலவுக்கான 'கரண்ட் அக்கவுண்ட்' பலவற்றுக்கும் வட்டி கிடையாது. எடுக்கும் கணக்குக்கு உண்டா என்று கேட்டுவிடலாம். ஓவர்டிராஃப்ட் தருகிறோம் என்றால் அதுதான் வட்டிக் கடன். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கணக்கு கிடைக்கும் வரை என்ன செய்வது? கல்விக் கட்டணத்தை இங்கிருந்தே நேராகப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிவிடுங்கள். முதல் மாத வாடகையையும் முடிந்தால் அப்படியே. கைச்செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு. கையில் எடுத்துச் செல்லும் வெளிநாட்டு நோட்டுகள் பொதுவாக 3,000 டாலர் மதிப்பைத் தாண்டக் கூடாது. கணக்கு வந்ததும் அதன் ஐபான் எண்ணை வாங்கி வங்கி வழியே அனுப்பலாம். பான் எண்ணும் ஏ-2 படிவமும் தேவை. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப முடியும். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு டி.சி.எஸ். பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், மீதி இருந்தால் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனாக இருந்தால் இந்தப் பிடித்தம் இல்லை.

இந்தப் பிடித்தத்துக்கும் கமிஷனுக்கும் பயந்துதான் சிலர் உண்டியலை நாடுகிறார்கள். "இங்கே ரூபாயைக் கொடுங்கள், அங்கே உங்கள் மகன் கணக்கில் பவுண்டு விழும், ரேட்டும் கூடுதல்" என்பார்கள். பவுண்டு விழத்தான் செய்யும். யாருடைய பணம் விழுகிறது என்பதுதான் கேள்வி. போதைப்பொருள் விற்றவனோ மோசடி செய்தவனோ தன் ரொக்கத்தை உங்கள் பிள்ளையின் கணக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். 2018-ல் பிரிட்டனின் தேசியக் குற்ற முகமை நீதிமன்ற உத்தரவு பெற்று 95 வங்கிக் கணக்குகளை முடக்கியது. அவற்றில் இருந்தது சுமார் 36 லட்சம் பவுண்டு. கணக்குக்காரர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு மாணவர்கள். உம்மாவின் நகையை விற்று அனுப்பிய பணம் என்று மகன் சொன்னாலும், அதற்குக் காகிதம் ஏது? இந்தியாவிலும் ஃபெமா சட்டப்படி அந்தத் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

இதன் இன்னொரு முகம், கணக்கை இரவல் கொடுப்பது. "உன் கணக்கில் 1,000 பவுண்டு வரும், 100 எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடு" என்று அறைத்தோழனோ வாட்ஸப்பில் அறிமுகமானவனோ கேட்பான். நம் பிள்ளைகள் இதை உதவி என்று நினைப்பார்கள். சட்டம் இதைப் பணமோசடி என்கிறது. அதற்கு அதிகபட்சத் தண்டனை அங்கே 14 ஆண்டு சிறை. வழக்கு வராவிட்டாலும் 'சிஃபாஸ்' என்ற மோசடித் தடுப்புப் பதிவில் பெயர் ஏறினால் 6 ஆண்டுகள் வரை நிற்கும். வேறு வங்கியில் கணக்கு, கைப்பேசி ஒப்பந்தம் எல்லாமே கடினமாகிவிடும். பகுதிநேர வேலைச் சம்பளமும் தன் கணக்குக்கே வர வேண்டும். தனக்குக் கணக்கு இல்லை என்று நண்பன் கணக்குக்குப் போடச் சொல்வதும், நண்பன் சம்பளத்தைத் தன் கணக்கில் வாங்குவதும் கூடாது.

புறப்படும் முன் இங்கே இரண்டு வேலைகள் உள்ளன. பிள்ளையின் இந்திய வங்கிக்கு வெளிநாட்டில் படிக்கப் போவதைத் தெரிவித்து, சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றக் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அந்த மாணவர்கள் வெளிநாடு வாழ் இந்தியராகவே கருதப்படுகிறார்கள். இந்திய சிம்மையும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும் நேரத்தில், பயன்படாத கணக்கை விலைக்குக் கேட்டும் ஆட்கள் வருவார்கள். கார்டையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறுபவர்கள் உண்டு. கடைசிச் சம்பளமும் வீட்டு அட்வான்ஸும் வந்து சேர்ந்த பிறகு கணக்கை முறைப்படி மூடி, மூடியதற்கான கடிதத்தையோ மின்னஞ்சலையோ வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.