எருமை நாக்கு மீன்

எருமை நாக்கு, கடலடியில் ஒருக்களித்துப் படுத்து வாழும் தட்டைமீன். செங்கடலிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இவ்வினம் இலங்கைக் கடலிலும் உண்டு. 1801இல் மீனியலாளர்கள் பிளாக், ஷ்னைடர் ஆகியோரின் நூலில் தரங்கம்பாடி மீனைக் கொண்டு இது விவரிக்கப்பட்டது. செட்டோடெஸ் எருமெய் என்ற அறிவியல் பெயரில் தமிழ்ப் பெயரின் முதற்பாதி அப்படியே இருக்கிறது.

சேறோ மணலோ படிந்த தரை, ஏறக்குறைய 100 மீட்டருக்கு உட்பட்ட ஆழம் ஆகியவை இதற்கு ஏற்றவை. திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து கலப்பதால் வண்டலுக்குக் குறைவில்லை. ஆழம்தான் அளவுக்கு மீறியது. குடாவிலிருந்தே இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, வெளியே போகப்போக ஆயிரம் மீட்டரையும் தாண்டிவிடுகிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் புகழ் சேர்த்த அந்த ஆழம் இம்மீனுக்குப் பயன்படாது. குடாவின் ஆழம் குறைந்த ஓரங்களே இதற்குப் பொருந்தும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு மற்ற மீன்களைப் போலவே இருபுறமும் ஒத்த உடலுடன் நீந்தும். வளரும்போது தைராய்டு சுரப்பின் தூண்டுதலால் ஒரு கண் தலையின் மேல்விளிம்பை நோக்கி நகர்கிறது. நாக்கு மீன்களில் அக்கண் மறுபுறத்துக்கு முழுதாகப் போய்விடும். எருமை நாக்கிலோ உச்சி விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. முதுகுத்துடுப்பும் தலைமேல் ஏறாமல் கண்களுக்குப் பின்னாலேயே தொடங்குகிறது. இடப்புறம் கண்ணுள்ளவையும் வலப்புறம் கண்ணுள்ளவையும் ஏறத்தாழச் சரிபாதி. பெரும்பாலான தட்டைமீன் இனங்களில் ஒரு புறம் மட்டுமே வழக்கம். இத்தனையையும் வைத்தே, உயிரோடிருக்கும் தட்டைமீன்களில் எருமை நாக்கின் குடும்பம் மிகத் தொன்மையானது என்கிறார்கள்.

நகரும் கண் டார்வினையும் விடவில்லை. பாதி வழி வந்த கண்ணால் என்ன பயன் என்று 1871இல் உயிரியலாளர் மைவார்ட் கேட்டார். மறு ஆண்டே டார்வின் தம் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஆறாம் பதிப்பில் பதில் எழுதினார். நல்ல கேள்விதான். ஆனால் புதைபடிவச் சான்று கிடைக்க நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இத்தாலியில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழைமையான மீன்களை ஆராய்ந்த மேட் ஃபிரீட்மன், அவற்றில் கண் பாதியளவே நகர்ந்திருப்பதை 2008இல் காட்டினார்.

படுத்த மீன் என்றாலும் சோம்பேறி அல்ல. அகன்ற வாயும் கூரிய பற்களும் கொண்ட இது, பெரும்பாலும் இரவில் மற்ற மீன்களை வேட்டையாடும். பழுப்பும் கருமையுமான மேற்புறம் சேற்றோடு ஒன்றிவிடுவதால் பகலில் கண்டுபிடிப்பது கடினம். சாதாரணமாக அரை மீட்டர் வளரும். 60 சென்டிமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. வெண்சதை கெட்டியானது, பொரிக்க ஏற்றது.

இந்தியக் கரைகளில் இது பெரும்பாலும் இழுவைமடியில்தான் அகப்படுகிறது. கடலடியை வாரும் அம்முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்துவிட்டது.