ரூட் 66: சாலை இருக்கிறது, எண் இல்லை

இந்த 2026 நவம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவின் ‘ரூட் 66’ நெடுஞ்சாலைக்கு நூறு வயது நிறைகிறது. பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிற வாசகர்கள் சிலர், அதற்குள் ஒருமுறை அந்தச் சாலையில் போய்வர நினைத்து டிக்கெட் போடும் முன் எழுதிக் கேட்கிறார்கள். ‘1985லேயே அதை எடுத்துவிட்டார்களாமே?’ என்கிறது ஒரு கடிதம். ‘போன வருஷம் என் சம்பந்தி அதில்தானே போய்வந்தார்?’ என்கிறது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

1985 ஜூனில் எடுக்கப்பட்டது எண் மட்டும். ‘யு.எஸ்.’ எண்களைக் கொடுப்பதும் பறிப்பதும் மத்திய அரசின் வேலை இல்லை. மாநில நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளின் சங்கம் ஒன்று அதைச் செய்கிறது. 1926இல் எண் கொடுத்ததும் அதே சங்கம்தான். முதலில் கேட்ட 60ஐ கென்டக்கி ஆளுநர் விட்டுத்தர மறுத்ததால், யாரும் கேட்காமல் கிடந்த 66ஐ ஓக்லஹோமாக்காரர் சைரஸ் ஏவரி தம் சாலைக்கு எடுத்துக்கொண்டார். வேகச்சாலைகள் வந்துவிட்டன, இனி இந்த எண்ணுக்கு வேலை இல்லை என்பது 1985இல் அதிகாரிகள் சொன்ன காரணம். வேலை இல்லாமல் போனது தானாக நடந்ததுபோல ஒலிக்கிறது. கொஞ்சம் பணக் கணக்கு பார்த்தால் அப்படித் தோன்றாது.

அதிபர் ஐசனோவர் 1956 ஜூனில் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் ‘இன்டர்ஸ்டேட்’ வேகச்சாலைகளுக்கு வழி செய்தது. சாதாரண நெடுஞ்சாலைக்கு மத்திய அரசு பாதி, மாநிலம் பாதி என்பது பழைய வழக்கம். இன்டர்ஸ்டேட் என்றால் மத்திய அரசு நூற்றுக்கு 90 தரும். மத்திய அரசு நிலம் நிறைய உள்ள மேற்கு மாநிலங்களுக்கு 95 வரை. மாநிலத்தின் கையில் பத்து லட்சம் டாலர் இருக்கிறது என்று வையுங்கள். பழைய சாலையில் போட்டால் இருபது லட்சத்துக்கு வேலை நடக்கும். புதிய சாலையில் போட்டால் ஒரு கோடிக்கு நடக்கும். எந்தப் பொறியாளர் பழைய சாலைக்குத் தார் ஊற்றப் போவார்? ரூட் 66ஐ மூடச் சொல்லி யாரும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை.

அந்த 90 எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரசியம். பெட்ரோல் மீதான மத்திய வரியை காலனுக்கு 2 சென்ட்டிலிருந்து 3 ஆக்கி, வசூலைத் தனி நிதியில் சேர்த்தார்கள். ஆக, ரூட் 66 ஓரத்து பங்க்காரர் விற்ற ஒவ்வொரு காலனிலும் ஒரு பங்கு, அவர் ஊரைத் தவிர்த்துப் போகும் சாலைக்குக் கல்லும் சிமென்டுமாகப் போனது.

சரி, கடையைப் புதிய சாலைக்கே மாற்றிக்கொள்ளலாமே என்றால், அதற்கும் வழியில்லை. இன்டர்ஸ்டேட் நிலத்துக்குள் பெட்ரோல் பங்க் முதலான கடைகள் கூடாது என்று அதே சட்டம் தடுத்தது. இறங்கும் சந்திப்பு எந்த இடத்தில் அமைகிறதோ அங்கேதான் இனி வியாபாரம். பைபாஸ் வந்த பிறகு பழைய பஸ் ஸ்டாண்ட் எதிர் ஓட்டலுக்கு என்ன ஆனது என்று நம் ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எதிர்ப்பே இல்லாமலும் இல்லை. ஊர் சம்மதிக்காமல் புறவழிச்சாலை போடக் கூடாது என்று நியூ மெக்சிகோ சட்டமன்றம் 1963இல் சட்டமே இயற்றியது. நெடுஞ்சாலைப் பணத்தை நிறுத்திவிடுவோம் என்று வாஷிங்டனிலிருந்து மிரட்டல் வந்தது. சில வருஷங்களில் சட்டம் வாபஸ். மாநிலங்களின் ‘விருப்பத்தோடு’ நடந்த திட்டம் என்று இதைச் சொல்வதுண்டு. அந்த விருப்பத்தின் லட்சணம் இது.

அரிசோனாவின் செலிக்மன் ஊரைப் புதிய சாலை ஒதுக்கிய நாள் 1978 செப்டம்பர் 22. இன்டர்ஸ்டேட் 40 திறந்த அன்றே ஊர் நடுவில் போக்குவரத்து நின்றுபோனது. ஏஞ்சல் டெல்கடியோ என்ற முடிதிருத்துபவர் அங்கே கடை வைத்திருந்தார். தலையைக் கொடுக்க ஆள் வந்தால்தானே? அவரும் ஊர்க்காரர்களும் 1987இல் சங்கம் கூட்டி, செலிக்மன் முதல் கிங்மன் வரையுள்ள பகுதியை ‘வரலாற்றுச் சாலை’ என்று மாநில அரசை அறிவிக்க வைத்தார்கள். இன்று வழியோரத்தில் பழுப்பு நிறப் பலகைகள் இருப்பதற்கு இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்தான் காரணம். எண்ணைப் பறித்த சங்கத்துக்கு அதில் பங்கில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எங்கிருந்து எங்கே? சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் சான்டா மோனிகா வரை, எட்டு மாநிலங்கள், சுமார் 3,900 கி.மீ.

எந்தச் சாலை அதன் இடத்தைப் பிடித்தது? ஒன்றல்ல, ஐந்து: இன்டர்ஸ்டேட் 55, 44, 40, 15, 10.

கடைசியாக ஒதுக்கப்பட்ட ஊர்? அரிசோனாவின் வில்லியம்ஸ், 1984 அக்டோபரில்.

இன்டர்ஸ்டேட் 66 என்று ஒன்று இருக்கிறதே? அது வாஷிங்டன் – வர்ஜீனியா பக்கம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போர் விமானம் இறங்க இன்டர்ஸ்டேட்டை ஐந்து மைலுக்கு ஒரு மைல் நேராகப் போட்டார்களாமே? சட்டத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

கன்னியாகுமரிக்கு வரும் நம் தேசிய நெடுஞ்சாலை 66? பன்வேலில் தொடங்கும் அதன் பெரும்பகுதி முன்பு 17. எண் மட்டும்தான் ஒன்று.

முழுதும் ஓட்டலாமா? பெரும்பகுதி ஓட்டலாம், சில துண்டுகளின் மேலேயே வேகச்சாலை போட்டுவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று: வரைபடச் செயலியில் செலிக்மன், கிங்மன் என்று போட்டால் அது உங்களை இன்டர்ஸ்டேட் 40க்குத்தான் இழுத்துப் போகும். ‘நெடுஞ்சாலைகளைத் தவிர்’ என்பதை அழுத்திவிட்டுப் புறப்படுங்கள்.