தொட்டால் ‘ஷாக்’ அடிக்கும் இயந்திரம்: நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்துவது ஏன் ஆபத்து?

புதுதில்லி: வீட்டின் மொட்டை மாடியிலோ, வாகனம் நிறுத்துமிடத்திலோ சிறு பட்டறை அமைத்து மர அறுவை இயந்திரம், பெஞ்ச் கிரைண்டர், டிரில்லிங் இயந்திரம், ஏர் கம்ப்ரசர் ஆகியவற்றை இயக்குவோருக்கு ஓர் ஆலோசனை அடிக்கடி கிடைக்கிறது. சாக்கெட்டில் எர்த் இணைப்பு இல்லையெனில், நியூட்ரல் முனையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எர்த் முனைக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்பதே அது. இதைச் செய்து தரும் எலக்ட்ரீஷியன்களும் உள்ளனர். இயந்திரமும் வழக்கம்போல் ஓடும் என்பதால், அதிலுள்ள ஆபத்து வெளியே தெரிவதில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கைகளின்படி, நாட்டில் மின்சாரம் பாய்ந்து அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர்.

இரு கம்பிகள், இரு பணிகள்

ஃபேஸ் கம்பி வழியாக வரும் மின்னோட்டம், இயந்திரத்தை இயக்கிவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. ஆகவே, இயந்திரம் ஓடும்போதெல்லாம் நியூட்ரலில் முழு மின்னோட்டமும் பாய்கிறது. எர்த் கம்பியின் நிலை வேறு. மோட்டாரின் காப்பு உறை பழுதாகி, இயந்திரத்தின் உலோக உடலில் மின்சாரம் ஏறும்போது மட்டுமே அதற்கு வேலை வருகிறது.

டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரல் நிலத்துடன் இணைக்கப்பட்டுள்ளதே, பிறகு இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி எழக்கூடும். டிரான்ஸ்ஃபார்மர் அருகே வேறுபாடு சொற்பமே. ஆனால், அங்கிருந்து வீட்டுச் சாக்கெட் வரை கம்பத்திலும், மீட்டரிலும், சுவிட்ச் பலகையிலும் பல இணைப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தளர்ந்து நியூட்ரல் துண்டிக்கப்பட்டால், ஃபேஸிலிருந்து மோட்டார் வழியாக வரும் மின்சாரத்துக்குத் திரும்பும் வழி இல்லாமல் போகிறது. எர்த் முனையில் செருகப்பட்ட அந்தத் துண்டுக் கம்பி வழியாக அது இயந்திரத்தின் உடலுக்கு வந்து சேர்கிறது. இயந்திரம் நின்றுவிட்டதே என்று அதைத் தொட்டுப் பார்ப்பவருக்கு 230 வோல்ட் காத்திருக்கும்.

பழுதுபார்ப்பின்போது கம்பத்திலோ மீட்டரிலோ ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அப்போது சாக்கெட்டின் சுவிட்சை அணைத்திருந்தாலும் இயந்திரத்தின் உடலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

எர்த் குழி மட்டும் போதுமா?

எர்த் குழி முறையாக அமைத்துவிட்டால் கவலையில்லை என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இதை ஒரு எளிய கணக்கு மூலம் சோதிக்கலாம். வீட்டு எர்த் குழியின் மின்தடை 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தின் மின்தடை 2 ஓம் என்று கொள்வோம். ஃபேஸ் கம்பி இயந்திரத்தின் உடலில் பட்டால், 230 வோல்ட்டை 12 ஓமால் வகுக்க, சுமார் 19 ஆம்பியர் மின்னோட்டம் நிலத்தில் பாயும். சுற்றில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தாலும் அது உடனே துண்டிக்காது. சி வகை எம்.சி.பி. கணநேரத்தில் துண்டிக்க 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் தேவை. 19 ஆம்பியருக்கு அது ஒரு மணி நேரம் கடந்தும் அசையாமல் இருக்கக்கூடும். அதுவரை இயந்திரத்தின் உடலில் சுமார் 190 வோல்ட் நிலைத்திருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்புவதே ஆர்.சி.சி.பி. எனும் மின்கசிவுத் துண்டிப்பான். ஃபேஸில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதை அது இடைவிடாது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 வினாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது அந்த வகைக் கருவிக்கான தரநிலை. மேற்கண்ட 19 ஆம்பியர் கசிவுக்கு 0.04 வினாடியே போதும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி இடம்பெற்றுள்ளது.

எனினும், ஆர்.சி.சி.பி. அதிகச் சுமையைத் தடுக்காது என்பதால் எம்.சி.பி.யும் உடன் இருக்க வேண்டும். ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொடுபவரை அதனால் காப்பாற்றவும் இயலாது.

நியூட்ரல் கோளாறு இங்கும் தலைகாட்டுகிறது. எர்த் குழியுடன் இணைந்த ஒரு வீட்டில், ஆர்.சி.சி.பி.க்குப் பின் எங்கேனும் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருந்தால், திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி எர்த் வழியே செல்லும். இயந்திரத்தை இயக்கியதும் ஆர்.சி.சி.பி. துண்டித்துவிடும். தவறான இணைப்பைத் தேடுவதை விட்டு, ‘தொல்லை தருகிறது’ என்று ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடுவது வருந்தத்தக்க வழக்கமாக உள்ளது.

சோதிப்பது எப்படி?

நியான் டெஸ்டர் ஃபேஸ் எது என்பதை மட்டுமே காட்டும். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் காட்டுவதால் எர்த் நன்றாக உள்ளது எனக் கொள்ள முடியாது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால், பழுதான எர்த்திலும் அதே அளவு தோன்றலாம். மாறாக, கனமான இயந்திரம் ஓடும்போது சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் தென்படுவது இயல்பு. அப்போதும் பூஜ்யமே காட்டினால், இரண்டும் அருகிலேயே இணைக்கப்பட்டுள்ளனவா எனச் சந்தேகிக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானும் அந்தக் கருவி இயங்குகிறதா என்பதையே சொல்லும். எர்த் கம்பியைப் பற்றி எதுவும் சொல்லாது. எர்த்தின் மின்தடையை அதற்குரிய மீட்டர் கொண்டு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே அளக்க வேண்டும். மண் காய்ந்திருக்கும் கோடையில் அளந்தால் உண்மை நிலை தெரியும்.

எர்த் கம்பியின் பருமனில் சிக்கனம் கூடாது. 16 சதுர மில்லிமீட்டர் வரையிலான செப்புக் கம்பிகளில், ஃபேஸ் கம்பிக்கு இணையான பருமனே எர்த்துக்கும் வேண்டும். எர்த் பின் உடைந்த பிளக், இரு கம்பி மட்டுமே உள்ள நீட்டிப்புப் பெட்டி ஆகியவை மற்ற ஏற்பாடுகள் அனைத்தையும் வீணாக்கிவிடும். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்புக் கைக்கருவிகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவற்றுக்கு எர்த் தேவையில்லை.

மும்முனை இணைப்பில் இயங்கும் கடைசல் இயந்திரங்களில் மற்றொரு குறுக்குவழி காணப்படுகிறது. மோட்டாருக்கு மூன்று ஃபேஸ்களும் எர்த்தும் போதும், நியூட்ரல் வேண்டியதில்லை. ஆனால், இயந்திரத்தில் பொருத்தப்படும் 230 வோல்ட் விளக்குக்கு நியூட்ரல் தேவைப்படும். அதைத் தனியே இழுக்காமல், ஒரு ஃபேஸுக்கும் இயந்திர உடலுக்கும் இடையே விளக்கை இணைத்துவிடுகின்றனர். எர்த் கம்பி அறுந்த நாளில் அந்த விளக்கு எரியாது. ஆனால் விளக்கின் வழியே வரும் மின்சாரம் இயந்திர உடல் முழுவதும் ஏறியிருக்கும். நியூட்ரலுக்கெனத் தனிக் கம்பி இழுப்பது, அல்லது சிறு டிரான்ஸ்ஃபார்மர் மூலம் 24 வோல்ட் விளக்கைப் பொருத்துவது இதற்கான தீர்வாகும்.