நர்சுகளின் பணியை நாடுகளுக்கிடையே அளப்பது எப்படி?

ஓர் ஊரில் ஏக்கருக்கு இத்தனை மூட்டை நெல் விளைந்தது என்று கேள்விப்பட்டால், மூட்டையின் எடை என்ன என்று நாம் முதலில் கேட்கிறோம். நெல்லையாவது தராசில் நிறுத்துவிடலாம். நோயாளியின் அருகிலிருந்து நர்சு செய்யும் பணியை எதைக் கொண்டு நிறுப்பது? அதிலும், ஒரு நாட்டின் பணியை மற்றொரு நாட்டின் பணியோடு எங்ஙனம் ஒப்பிடுவது?

இறந்தவர்களின் தொகையை மட்டும் எண்ணினால் ஏமாந்து போவோம். கடும் நோயாளிகள் வந்து சேரும் பெரிய ஆஸ்பத்திரியில் மரணமும் மிகுதியாகவே இருக்கும். அது நர்சின் குறையன்று. படுக்கைப் புண்ணை எண்ணலாமே எனில், அதிலும் ஒரு சங்கடம் உண்டு. அசைய இயலாதவரை வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் புண் வராது. ஆகையால் அது நல்ல அளவுகோல்தான். ஆனால் ஒவ்வொரு புண்ணையும் உண்மையாகக் குறித்து வைக்கும் ஆஸ்பத்திரி கணக்கில் மோசமாகத் தெரியும்; குறிக்காமல் விட்டது நல்ல பெயர் வாங்கிவிடும்!

இச்சிக்கலை உணர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஐரோப்பாவில் எல்லா இடங்களுக்கும் ஒரே வகையான கணக்கைக் கையாண்டனர். 9 நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 4,22,730 பேரின் விவரங்களை ஆராய்ந்தனர். வயது, நோய், சிகிச்சையின் வகை ஆகியவற்றால் வரும் வேறுபாட்டைக் கணக்கிட்டு ஒதுக்கினர். முடிவு 2014-ல் வெளியாயிற்று. ஒரு நர்சின் பொறுப்பில் இருந்த நோயாளிகள் சராசரியாக நார்வேயில் சுமார் 5 பேர். ஸ்பெயினில் 12 பேருக்கு மேல். அப்பொறுப்பில் மேலும் ஒருவர் சேரும்போது, 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியதாகக் காணப்பட்டது. நூற்றுக்கு ஏழு பேர் அதிகமாக இறந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 100 பேர் இறக்கக்கூடிய இடத்தில் ஏறக்குறைய 107 பேர் என்பதே பொருள். இதுவே காரணம் என்று இந்த ஓர் ஆராய்ச்சி மட்டும் நிலைநாட்டிவிடாது. எனினும் இத்தொகையை அலட்சியம் செய்வதற்கில்லை.

எமக்கு இதனினும் முக்கியமாகத் தோன்றும் அளவுகோல் ஒன்று உண்டு. 12 ஐரோப்பிய நாடுகளில் நர்சுகளையே வினவினர்: கடைசியாகப் பார்த்த ஷிப்டில் நேரமின்மையால் எந்த வேலையைச் செய்யாமல் விட்டீர்கள்? நோயாளிக்கு ஆறுதலாகப் பேச இயலவில்லை என்றோர் நூற்றுக்கு 53 பேர். வலியைத் தணிக்கும் பணியை விட்டவர்கள் அவர்களைவிட மிகக் குறைவு. எது அவசரம் என்பதை நர்சுகள் அறிந்தே இருந்தனர், நேரந்தான் போதவில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆஸ்பத்திரியைப் பார்வையிடும்போது கட்டில்களை எண்ணுவதோடு நில்லாமல், இரவில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள் என்றும், படுக்கைப் புண்கள் ஏட்டில் பதியப்படுகின்றனவா என்றும் கேட்கலாம். அடுத்த ஆஸ்பத்திரியிலும் இதே வினாக்களை, இதே முறையில் கேட்க வேண்டும்.