பதிவுசெய்யப்பட்ட பாடமும் பார்வை வரலாறும்: தெல்லிப்பழையை முன்வைத்து ஒரு குறிப்பு

கல்விக்குக் கணக்கு வைக்கும் வழக்கம் தெல்லிப்பழைக்குப் புதியதன்று. 1816 இல் டானியல் பூரும் எட்வேட் வாரனும் இங்கு அமெரிக்க மிசன் பணியைத் தொடக்கிப் பள்ளிக்கூடம் நிறுவியபோதே, பிள்ளைகளின் தொகை கடல்கடந்து அறிவிக்கப்பட வேண்டியதாயிற்று. பின்வந்த பாடசாலைகளில் அக்கணக்கு வரவு இடாப்பாக வடிவுபெற்றது. இடாப்பை அடையாளமிட்ட ஆசிரியர் பிள்ளையின் முகத்தையேனும் பார்த்தார். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்விநிலையங்கள் மூடப்பட, பாடங்களும் பயிற்சிகளும் இணையவழிப் பதிவுகளாயின. இடாப்பின் இடத்தைப் பார்வை வரலாறு பற்றிக்கொண்டது. அது எவ்வாறு பெறப்படுகின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்பனவே இங்கு நமது கவனத்துக்குரியன.

2007 இல் சிஸ்கோ நிறுவனம் விலைக்கு வாங்கிய வெபெக்ஸ் சேவையை உதாரணமாகக் கொள்வோம். இது பதிவுகளின் பார்வை வரலாற்றை வெப் ஏ.பி.ஐ. மூலம் வழங்குகின்றது. ஏ.பி.ஐ. என்பது ஒரு கணினி நிரல் இன்னொன்றிடம் தகவல் கேட்பதற்கென வகுக்கப்பட்ட வாயில். கந்தோரில் உரிய படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலே விடை கிடைப்பதுபோல, இங்கும் அனுமதிச் சாவியும் தொடக்க, முடிவுத் திகதிகளும் குறித்த வடிவில் அமைதல் வேண்டும். விடை இரு படிகளில் வரும். முதலாவதில், ஒவ்வொரு பதிவும் எத்தனை தடவை பார்க்கப்பட்டது, எத்தனை தடவை தரவிறக்கப்பட்டது என்னும் தொகை. பதிவின் அடையாள எண்ணைக் கொண்டு மீண்டும் கேட்டால் ஆள்வாரியான விபரம்: பெயர், மின்னஞ்சல், அணுகிய நேரம், பார்த்தாரா, தரவிறக்கினாரா என்பன. வரிகள் மிகுமிடத்து விடை பக்கம் பக்கமாக வரும். முதற்பக்கத்தோடு நின்றுவிடும் நிரல் வகுப்பிற் பலரை வராதோராக்கிவிடும். நேரம் உலகப் பொதுநேரத்தில் வருவதால் இலங்கைக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களில் நள்ளிரவு 12.30 க்கு எழுந்து பாடங்கேட்ட ஒருவர், இத்திருத்தம் செய்யப்படாவிடின், முதல்நாள் மாலை 7 மணிக்கு ஆறுதலாகக் கேட்டவராகவே தோற்றுவார்.

இவை நுட்பத் திருத்தங்கள். நிரலாளர் ஒருவர் அரைநாளிற் செய்துவிடலாம். அடிப்படைப் பிரச்சினை வேறு. தோட்டஞ் செய்யும் குடும்பமொன்றை எண்ணிப் பார்ப்போம். வீட்டிலே ஒரு கைத்தொலைபேசி, மூன்று பிள்ளைகள். தகப்பனார் தோட்டத்தால் வந்த பின்னரே அது பிள்ளைகள் கைக்கு வரும். டேற்றாச் செலவுக்கு அஞ்சி மூத்தவன் பாடத்தை ஒருதரம் தரவிறக்குகின்றான்; தங்கையர் அதனையே பார்க்கின்றனர்; பக்கத்து வீட்டுக்கும் அது புளூரூத்தில் போய்ச் சேர்கின்றது. பட்டியலில் விழுவது ஒரே வரி. நிரந்தர இணைப்புள்ள வேறொரு வீட்டில், பதிவை ஓடவிட்டுவிட்டுச் சமையலுக்குச் சென்றவருக்கும் ஒரே வரி. பண்ட உற்பத்தியில் வேறுபட்ட உழைப்புக்கள் ஒரே அளவாகச் சமப்படுத்தப்படுவதை மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்றொகுதியில் விளக்கினார். வெவ்வேறு கற்றல்களை ஒரே வரியாக்கும் இப்பட்டியலை நோக்குமிடத்து அவ்விளக்கம் நினைவுக்கு வருதல் இயல்பே. இங்கு எண்ணப்படும் அலகு மனிதரல்லர், கணக்கு.

இதனாற் கருவியையே வெறுத்தொதுக்குதல் நம் வாதமன்று. பார்வைத் தொகையினும் தரவிறக்கத் தொகை மிகுந்து காணப்படுமாயின், இணைப்பின் நலிவுக்கோ கைப்பணத்தின் தட்டுப்பாட்டுக்கோ அது ஒரு தடயமாகலாம். இவ்வகையில் பட்டியல் கற்போரின் சோம்பலைவிட அவர்தம் வாழ்நிலையையே கூடுதலாகப் பேசுகின்றது. ஆனால் அதனைக் கேட்டுப் பெறக்கூடியவர் பதிவின் உரிமையாளரோ நிர்வாகியோதான். கற்றவருக்கு அவ்வாயிலிற் சாவி இல்லை. தம்மைப் பற்றிய தரவை அறியும் உரிமையை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இப்பட்டியலை மட்டும் ஆதாரமாகக் கொண்டு சான்றிதழ் வழங்குமிடத்து, தமையனின் மின்னஞ்சலிற் கற்ற தங்கை கல்லாதவளாகின்றாள். ஆதலின் பயிற்சி நடத்துவோர், ஏ.பி.ஐ. தரும் அட்டவணையில் கையால் ஒரு பத்தியைச் சேர்த்தல் வேண்டும்: அத்தொலைபேசியின் முன் எத்தனைபேர் இருந்தனர், அவர்கள் யார் யார் என்பது. சான்றிதழுக்கான பெயர்கள் அப்பத்தியிலிருந்தும் எடுக்கப்படல் வேண்டும்.